ஒற்றுத்தாளில் ஒரு விரல் வானம்

மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருக்கையில் ஞானதிரவியம் ஒற்றுத்தாளைப் புரட்டினார். அதில் நீலம் இருந்தது. ஒன்றரைச் சாண் நீளம், ஒரு விரல் அகலம். முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைப்பானேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் எந்தக் கண்ணாடிக் கடைக்காரனோ வஞ்சனையில்லாமல் பசை தடவி அந்த ஜப்பானிய அச்சுப் படத்தின் மேல் விளிம்பில் ஒட்டிவிட்டுப் போன பழுப்பு நாடா, காலையிலிருந்து ஈரப்பஞ்சை வைத்து வைத்துக் கெஞ்சியதில், கிழியாமல் முழுசாக உரிந்து வந்துவிட்டது. மிச்சப் பசையையும் ஒற்றுத்தாளால் அழுத்தி எடுத்தாயிற்று. என்ன கை இது என்று தன் கையையே மெச்சிக்கொண்டு தாளைப் புரட்டினால், நீலம். அழுக்கு நீலமாக இருக்காது. பசையும் நீலமாக இருக்காது. படத்திலிருந்த கடலிலிருந்து வந்ததோ என்று குனிந்து பார்த்தார். கடல் கீழே, ஒரு சாண் தள்ளி, அசையாமல் கிடந்தது. அது சீமை நீலம், தண்ணீருக்குப் பயப்படாத நிறம். மேலே நாடா இருந்த இடத்தில் காகிதம் வெளிறி, ஈரமாக, ஒன்றும் அறியாததுபோல இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் வானம் இருந்திருக்கிறது. நாடாவுக்கு அடியில் வெளிச்சமே படாமல், அச்சடித்த அன்றிருந்த நிறத்தோடு, பத்திரமாக இருந்திருக்கிறது. அதை அவர் பார்க்கக்கூட இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டார்.

சோதிக்காமல் தண்ணீர் வைப்பாரா அவர், இருபத்தைந்து வருஷமாகப் பழைய படங்களைச் செப்பனிட்டுக் காகிதத்தோடு குடித்தனம் செய்கிறவர்? சோதித்தார். ஊசிமுனை அளவு பஞ்சில் தண்ணீரைத் தொட்டு நிறத்தின் மேல் வைப்பது, ஒற்றுத்தாள் துண்டால் அழுத்திப் பார்ப்பது; கறை வந்தால் அந்த நிறம் தண்ணீரில் கரையும், வராவிட்டால் கரையாது. இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. கடலின் நீலம், கரையில் நிற்கிறவளின் இடுப்புப் பட்டைச் சிவப்பு, பைன் மரத்தின் பச்சை, படகு விளக்கின் மஞ்சள், அவள் கூந்தலின் கறுப்பு. ஐந்தையும் தொட்டார், ஐந்தும் அசையவில்லை, நோட்டில் ஐந்து வரி எழுதினார். வானத்தைத் தொடவில்லை. தொடுவதற்கு அங்கே என்ன இருந்தது? பலமுறை துவைத்த வேட்டி மாதிரி மங்கிய வெறுங்காகிதம். நாடாவுக்கு அடியிலும் அதே காகிதம்தானே இருக்கும் என்று நினைத்தார். நினைத்தது கூட இல்லை, நினைக்கத் தேவையில்லாதபடி அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் படத்தின் சொந்தக்காரி கோதைநாயகி அம்மாள் சொன்னார். வேறு யாரும் சொல்லாவிட்டாலும் அவர் சொன்னார். முதல் நாளே, இதே கதவருகே கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று, "ஏனுங்க சார், நான் கல்யாணமாயி வந்தப்ப இந்த வானம் நீலமா இருந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரரு இல்லவே இல்லைன்னு சாதிப்பாரு. பொறந்த வூட்டு நெனப்புல உனக்குக் கண்டதெல்லாம் நீலமாத் தெரியுதும்பாரு. சாவற வரைக்கும் சிரிச்சாருங்க. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லோணும்" என்று சொன்னார். படிச்சவர் என்ன பதில் சொன்னார்? படத்தை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது காகிதத்தோட நிறந்தாங்கம்மா. சில பேருக்கு அப்படித் தோணும்" என்றார். அம்மாள் "அப்படீங்களா" என்றார். படியிறங்கிப் போனார். தடிச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது, அன்றைக்குக் காதில் விழுந்ததாகவே ஞாபகமில்லை.

நாலு மணிக்கு அந்தத் தடி மறுபடி ஏறி வரும். இந்தக் கோயமுத்தூர் பங்களாவின் சொந்தக்காரி, எழுபத்தொன்பது வயது, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, இருந்தும் எட்டு மாசமாக ஒரு நாள் தவறியதில்லை. அம்மாளின் மாமனார், மில்லுக்குத் தறி வாங்கக் கப்பலேறி ஜப்பானின் கோபே பட்டணம் போனவர், தறியோடு பதினெட்டுப் படங்களையும் வாங்கி வந்தார். தறி பழைய இரும்பாகப் போயிற்று, படங்கள் கற்பூர மரப் பெட்டியில் உறங்கின. மகனுக்குக் கல்யாணமானபோது இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு, புது மருமகளின் அறையில், மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் வெயில் நேராக வந்து அதன் மேல் விழுந்தது. இப்போது பதினெட்டையும் சுத்தம் செய்து முன் ஹாலில் வரிசையாக வைக்கவேண்டும் என்று அம்மாளுக்கு ஆசை, அதற்குத்தான் ஞானதிரவியம். நாலு மணிக்கு வந்து கதவருகே நின்று அம்மாள் முதலில் கேட்பது படத்தைப் பற்றி அல்ல. "சாப்ட்டீங்களா சார்?" அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவன்கூடக் கேட்பான் என்று நினைக்கலாம். ஐம்பத்தாறு வயதில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காலையில் தானே சமைத்து, தானே டப்பாவில் அடைத்து, தானே திறந்து தின்கிற ஆளிடம் கேட்டுப் பாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தெரியும். நாசரேத்திலிருந்து அக்கா கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள், அவளும் மழை உண்டா என்றுதான் கேட்பாள். நாலு மணிக் கேள்விக்காக அவர் சில நாள் மூன்றரைக்கே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு, அம்மாள் கேட்கட்டும் என்று காத்திருந்து, "ஆச்சுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. இன்றைக்கு டப்பா திறக்கவே இல்லை. நீலத்தைப் பற்றிச் சொன்னால் தடி இனி ஏறி வராது, அது நிச்சயம். எந்த வீட்டில் படத்தைக் கெடுத்தவனை உட்காரவைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்?

இந்த நீலம் எந்த நீலம் என்று அவருக்குத் தெரியும், தெரிவதுதான் கஷ்டமாக இருந்தது. கானாவாழையின் நீலம். அதே செடி இல்லை, அதன் ஜப்பான் தேசத்துச் சொந்தம். நம் ஊரில் வேலியோரத்தில் முளைத்து, கீரையோடு கீரையாகக் கிள்ளி வந்து கடைந்துவிடுவார்களே, இரண்டு நீல இதழ் காதைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான் நம் கானாவாழை. காலையில் பூக்கும், உச்சிக்குள் கரைந்து ஈரமாகச் சுருங்கிவிடும். இன்று காலைகூடப் பங்களாவின் கார் கொட்டகைக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்துகையில் நாலைந்து பூ பார்த்தார், ஸ்டாண்டு போடுகிற அவசரத்தில் செருப்பால் மிதித்தார். அங்கே அந்தப் பூவைக் கூடை கூடையாகப் பறித்துப் பிழிந்து நிறமெடுத்தார்கள். ஒருவர் படம் எழுதிக்கொடுக்க, ஒருவர் மரத்தில் செதுக்க, ஒருவர் அச்சடிக்க, ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. வானத்துக்கு வந்ததும் அச்சடிக்கிறவர் பலகையின் மேல் ஓரத்தில் நீலத்தைப் பூசி, ஈரத் துணியால் கீழ்நோக்கி ஒரே இழுப்பாகத் துடைப்பார். விளிம்பில் கெட்டி நீலம், வரவர வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி பூசி மறுபடி துடைக்கவேண்டும், அதனால் ஒரு தாளின் வானம் அடுத்த தாளில் இராது. ஆக, கெட்டியான நீலம் இருந்தது விளிம்பில், கண்ணாடிக் கடைக்காரன் சரியாக அதன் மேல் நாடாவை ஒட்டினான். கீழே இருந்த வெளிர் நீலத்தை மேற்கு வெயில் பத்திருபது வருஷத்தில் தின்றது. விளிம்பில் இருந்ததை ஞானதிரவியம் ஒரு மத்தியானத்தில் முடித்தார். வெயிலாவது மெதுவாகத் தின்றது.

இரண்டரை ஆகியிருந்தது. கறுப்புத் திரையின் ஓட்டை வழியாக ஒரு கோடு வெயில் மேஜைக்கால் வரை வந்திருந்தது. அவர் எழுந்துபோய்த் திரையை இழுத்து ஊசி குத்தினார், இனி யாருக்காகக் காப்பாற்ற என்று தெரியாமலே. திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். ஒரு துறை. ஓடம் பாதி ஆற்றைத் தாண்டி, கடலில் சேருகிற இடத்துக்குப் போய்விட்டது. கரையில் ஒருத்தி மூடிய குடையோடு நிற்கிறாள், முகம் தெரியாது, பின்கழுத்துதான் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் ஓடம் இருக்கிறது. கூப்பிட்டாளா, கூப்பிடவில்லையா, அது படத்தில் இல்லை. பெயரில்லாத சில்லறைச் சித்திரக்காரர், முத்திரைகூடப் பாதி அழிந்துவிட்டது. எட்டு மாசமாக, மற்றப் படங்களுக்கு நடுநடுவே, அவளை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவருகிறார், ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் சுகிர்தா ஞாபகம் வராமலிருக்கக் கவனமாகத்தான் இருந்தார். கவனமெல்லாம் இன்றைக்குத்தான் விட்டுப்போக வேண்டுமா. கியோட்டோவில் ஆறு மாசப் பயிற்சி, இருபத்திரண்டு வருஷமாயிற்று. பன்னிரண்டு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இவரும், கொழும்பிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் சுகிர்தாவும். சின்னச் சோறாக்கும் பானை ஒன்றைப் பொதுவில் வாங்கி, தயிர் கிடைக்காத ஊரில் எதையோ புளிக்கவைத்துத் தயிர் என்று சொல்லித் தின்றார்கள். பட்டறையில் பக்கத்து மேஜை அவளுடையது. ஒரு நாள் இவர் நிறங்களைச் சோதித்து முடித்துத் தண்ணீர்த் தட்டைக் கையிலெடுத்தபோது எட்டிப் பார்த்து, "நிறமில்லாத இடத்தையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ ஞானம்" என்றாள். "வெறுங்காகிதத்த எதுக்குத் தொடணும்?" என்று இவர் கேட்டார். "வெறுங்காகிதமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள் அவள். இவர் சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்தார். அன்றைக்கு அந்த இடம் நிஜமாகவே வெறுங்காகிதம்தான், அதுதான் வினை. ஒரு தடவை பிழைத்தவனுக்கு ஆயுசுக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

அவள் முந்திக் கிளம்பினாள். ரயிலடிக்கு இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வண்டி வர நாலு நிமிஷம், அந்த ஊரில் நாலு நிமிஷமென்றால் நாலு நிமிஷம். அவள் பாதம் பார்த்து நின்றுவிட்டு, "எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். சொல்ல என்ன இருந்தது என்று இவர் தன்னைத்தானே ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். "ஒண்ணுமில்லையே. பத்திரமாப் போங்க" என்றார். அவள் தலையாட்டி ஏறினாள், கதவு மூடியது, கண்ணாடிக்குள் அவளுடைய பின்கழுத்து தெரிந்தது, வண்டி போயிற்று. ஒன்றுமில்லை என்று சொன்னது பொய்யில்லை, அப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அறைக்குத் திரும்பிச் சோற்றுப் பானையை ஒரு ஆளுக்குக் கழுவி வைக்கும்போதுதான் தெரிந்தது. அலை ஓய்ந்து தலை முழுகுகிற சாதி. கொழும்பிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் பதில் எழுதினார், ஒன்றையும் தபாலில் சேர்க்கவில்லை, எழுத்து சரியில்லை, தாள் சரியில்லை, நாளைக்கு, அடுத்த வாரம். நாலாவது வரவில்லை. அவள் இப்போது எங்கே, என்னவாக இருக்கிறாள் என்று தெரியாது. அந்த ரயிலடியில் கரையில் நின்றது அவரா அவளா என்று இப்போது கேட்டால் அதுவும் சரியாகச் சொல்லத் தெரியாது.

மூன்று மணி. யாருக்கும் தெரியாது என்கிற எண்ணம் எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவர் கவனிக்கவில்லை. கவனித்தபோது அது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. யாருக்குத் தெரியும்? காலையில் எடுத்த புகைப்படத்தில் நாடா இருக்கிறது. சாயங்காலம் எடுக்கப்போகிற புகைப்படத்தில் நாடா இராது. நடுவே இருந்ததைப் பார்த்தது இந்த ஒற்றுத்தாள் ஒன்றுதான், அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தால் கதை முடிந்தது. அம்மாளிடம் முன்பே சொன்னதுதானே, காகித நிறம் என்று. புதிதாகப் பொய்கூடச் சொல்லவேண்டாம். இன்னும் பதினாலு படம் இருக்கிறது. ஒரு படத்துக்கு இரண்டு மாசம். இரண்டு வருஷத்துக்கு மேல் நாலு மணி இருக்கிறது. அதற்குள் அம்மாளுக்கோ அவருக்கோ எதுவும் ஆகலாம், யார் கண்டது. இப்படி ஓடிய புத்தி திடீரென்று இன்னும் கெட்டிக்காரத்தனமான இடத்தில் போய் நின்றது. அந்தக் காலத்து ஜப்பானில் இந்த நீலத்தைப் புட்டியில் விற்கவில்லை. பூச்சாற்றைத் தாளில் ஊறவைத்துக் காயவைத்து, தாளாகவே விற்றார்கள். அச்சடிக்கிறவர் ஒரு துண்டு கிழித்துத் தண்ணீர் விட்டால் நிறம் திரும்ப இறங்கும். அப்படியென்றால் மேஜை மேல் கிடப்பது கறை பட்ட ஒற்றுத்தாள் இல்லை, நீலத்தாள். சாயம் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. திரும்ப ஏற்றிவிட்டால்?

பீங்கான் தட்டில் தாளின் ஓரத்தை வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். இறங்கியது. அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மிக மெல்லிய தூரிகையில் தொட்டெடுத்தார், தூரிகை நுனி நீலமாயிற்று. அவருக்குக் கை இருக்கிறது, அது வேண்டுமானால் சத்தியம். ஒன்றரைச் சாண் விளிம்பில் ஒரு விரல் அகலம் இழுத்துக் கீழே மங்கவைக்க அரைமணி போதும். நாலு மணிக்கு, "அம்மா, நீங்க சொன்னது சரிதான், பாருங்க நாடாவுக்கு அடியில நீலம்" என்று காட்டலாம். அம்மாளுக்குச் சந்தோஷம், அறுபது வருஷத்து வழக்கில் தீர்ப்பு, அவருக்கும் பேர். படத்தின் நீலமேதான், ஒரு பொட்டு வெளியிலிருந்து சேர்க்கவில்லை. பொய் எங்கே இருக்கிறது இதில்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடப் பூசணிக்காயின் மேல் சோற்றைத்தான் போடுகிறான், கல்லையா போடுகிறான். தூரிகை படத்துக்கு மேலே ஒரு அங்குலத்தில் நின்றது. அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்த நீலத்தைப் பார்ப்பார். இதுதானுங்களா என்று கேட்பார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் ஆமாம் என்று சொல்லவேண்டும். அம்மாள் கீழே போய் எல்லாரிடமும் சொல்வார், பேரன் பேத்தியிடம், வருகிற விருந்தாளியிடம், சாகிற வரைக்கும். அவர் பார்ப்பது அந்த நாளில் எடோ என்றிருந்த டோக்கியோ பட்டணத்தில் ஒருவர் ஒரே இழுப்பில் துடைத்த வானமாக இராது, நாசரேத்து ஞானதிரவியம் பயந்துபோய்ப் பூசினதாக இருக்கும். புருஷன் சிரித்து ஏமாற்றினார், இவர் சிரிக்காமல் ஏமாற்றுவார். தூரிகையை உதறப் போனவர், உதறாமல் அதைத் திரும்ப ஒற்றுத்தாளின் ஓரத்திலேயே துடைத்தார், தட்டிலிருந்ததையும் அதே தாளால் ஒற்றியெடுத்தார். வீராப்பில் ஒன்றும் செய்யவில்லை. பூசினாலும் நாலு மணிக்குள் ஈரம் உலராது என்பதும் ஒரு காரணம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு இந்த ஊரில் எத்தனை பேரைத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தார், ஒரு கை விரல் மடக்குவதற்குள் ஆள் தீர்ந்துபோயிற்று. தடி முதல் படியில் விழுந்த சத்தம் கேட்டது.

"சாப்ட்டீங்களா சார்?"

கேட்டுக்கொண்டே கோதைநாயகி அம்மாள் மேஜை மேலிருந்த டப்பாவைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் ஞானதிரவியம். "வானம் நீலமாத்தான் இருந்திருக்கு. நீங்க சொன்னது சரி."

அம்மாள் உட்காரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். "எங்கீங்க? எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே."

"அங்க இல்லம்மா. இதோ, இந்தத் தாள்ல. நாடாவுக்கு அடியில இருந்துச்சு. நான் வெறும் காகிதம்னு நினைச்சுத் தண்ணி வச்சுட்டேன். எல்லா நிறத்தையும் சோதிச்சேன், இதச் சோதிக்கல. திரும்ப வைக்க முடியாது."

அம்மாள் தாளை வாங்கினார். கீழே தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள், குரல் மூலை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தார்.

"இது நான் பாத்த நீலம் இல்லீங்க" என்றார். "நான் பாத்தது இன்னும் வெளுப்பு."

"நீங்க பாத்தது கீழ்ப்பக்கம்மா. அங்க வெளுப்பாத்தான் இருக்கும். இது ஓரத்து நீலம், இதை உங்க கல்யாணத்துக்கே மூடிட்டாங்க."

"அப்ப இதை நானுமே பாத்ததில்லை." தாளைத் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னப்பவே ஒருக்காத் தொட்டுப் பாத்திருக்கலாமில்லீங்க, சார்."

ஒருக்கா. கியோட்டோவில் கேட்ட அதே சொல்; அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பாத்திருக்கலாம்மா."

"அவரு சிரிச்சாரு. நீங்க சிரிக்கலை. அவ்வளவுதானுங்க வித்தியாசம்." குரலில் கோபம் இல்லை, இருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "மிச்சப் படத்தையெல்லாம் பெட்டியிலயே வச்சுருங்க. பெங்களூருல ஆள் இருக்குதுன்னு பேரன் சொன்னான். யோசிச்சுச் சொல்லியனுப்பறேன்."

"சரிங்கம்மா."

"இதுமேல வெளிச்சம் படக்கூடாதில்லீங்க?"

"படக்கூடாதும்மா. தண்ணியும் படக்கூடாது."

அம்மாள் தாளை முந்தானைக்குள் மூடிக்கொண்டார். கதவு வரைக்கும் போய், திரும்பாமலே, "டப்பா தொறக்காமயே இருக்குதாட்ட. சாப்ட்டுட்டே போங்க" என்றார்.

தடி இறங்கியது. இந்தத் தடவை அவர் ஒவ்வொரு படியையும் கேட்டார். பதினேழு படி, அதன் பிறகு ஹாலின் கல்தரை, அங்கே பத்தடி நடந்து சத்தம் நின்றது. ஹாலில் அந்த இடத்தில் மாலை போட்ட பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது, அம்மாளின் வீட்டுக்காரர், வெள்ளைக் கோட்டு, சிரித்த முகம். சேலை சரசரக்கிற சத்தம்கூட மேலே கேட்டதுபோல இருந்தது. பிறகு அம்மாளின் குரல், மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது.

"இப்பச் சிரிங்க பாக்கலாம்."

ஞானதிரவியம் படத்தின் இரு பக்கமும் உலர்ந்த தாள் வைத்து மூடினார். நோட்டில் ஐந்து வரிக்குக் கீழே ஆறாவது வரி எழுதினார்: வானம், சோதிக்கப்படவில்லை, நீலம், கரைந்தது. கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் காலையில் கட்டியது, கெட்டிருக்காது. கை கழுவக் குழாயடிக்குப் போய்த் திருகில் இடக்கையை வைத்தபோதுதான் வலக்கைக் கட்டைவிரலைப் பார்த்தார். ஒற்றுத்தாளை அழுத்திப் பிடித்த இடத்தில், நகத்துக்குக் கீழே, பூ இதழ் அளவுக்கு நீலம் ஒட்டியிருந்தது. காட்டுவதற்கு அறையில் யாருமில்லை. திருகைத் திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பி வந்தார். உட்கார்ந்து, வலக்கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, இடக்கையால் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.